மேனேஜர் தொட்டிக்கு ஓர் ஓட்டை

மார்ச் 3, செவ்வாய்

இன்று நம் வீட்டில் நீச்சல் குளம் திறப்பு விழா. திறந்து வைத்தது நான்.

இந்த நோட்டுக்கு மட்டும் உண்மை. அம்மாவின் சீப்பிலிருந்து நீளமான ஒரு முடியை எடுத்து, மீன்தொட்டிக் கண்ணாடியில் ஈரத்தோடு ஒட்டினேன். அச்சு அசல் விரிசல். அம்மா பார்த்தாள், "ஐயோ!" என்று அத்தனை பிளக்கையும் பிடுங்கினாள். நான் முடியை நைசாக உருவிவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, நிழல்" என்றேன். அவள் கிளினிக் கிளம்பினாள். நான் மோட்டாரைத் திரும்பப் போட்டுவிட்டு டியூஷன் போனேன்.

தொட்டி விளிம்பில் வளைந்து தொங்கும் குழாய்தான் தண்ணீரைக் கீழே உள்ள வடிகட்டிப் பெட்டிக்கு இறக்கும். மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும். மோட்டார் நின்ற நேரத்தில் குழாயில் காற்று புகுந்துவிட்டது. அப்புறம் ஏற்றம்தான், இறக்கமே இல்லை. தரை, கீழ்வீட்டு டெய்லர் அண்ணனின் கூரை, அவர் தைத்து மாட்டியிருந்த எட்டு யூனிஃபார்ம் — எல்லாம் நனைந்தது.

"மாசக் கடைசிக்குள்ள அந்தத் தொட்டி இறங்கணும். இல்லேன்னா வீட்டுக்காரர்கிட்ட போவேன்" என்றார் டெய்லர் அண்ணன். எல்லாரும் தொட்டியைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். ச்சே.

மார்ச் 4, புதன்

மேனேஜர் என்பது எங்கள் தங்கமீன். உள்ளங்கை அளவு, ஆறு வயது. வேலை எதுவும் செய்யாமல் எல்லாரையும் முறைப்பதால் அந்தப் பதவி. வேறு யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மீன் கடைக்காரர்கூட "இவ்வளவு பெருசா? எங்க வெக்கிறது?" என்றுவிட்டார்.

இரவெல்லாம் யோசித்ததில் ஒன்று புரிந்தது. எனக்கு ஓட்டை வாய், தொட்டிக்கு இல்லை. அதுதான் பிரச்சினை. பின்கண்ணாடியில் மேலே ஓட்டை போட்டுக் குழாயை இணைத்தால், தண்ணீர் அந்த மட்டத்துக்கு வந்ததும் தானாக இறங்கும். உறிஞ்ச வேண்டாம், காற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அம்மாவிடம் சொன்னேன். "கண்ணாடியில டிரில்லா? உனக்கு எது எதுல விளையாடறதுன்னு இல்லையா?"

முதல்முறையாக நான் விளையாடவில்லை. யார் நம்புவார்கள்?

மார்ச் 7, சனி

சித்தி டைல்ஸ் ஒட்டுபவள். கண்ணாடியில் வட்டமாக ஓட்டை போடும் பிளேடையும் அதை மாட்டும் டிரில்லையும் கடன் கேட்டேன். "உடைச்சியோ, ஒரு வாரம் எனக்குக் கலவை குழைக்கணும்டி" என்று கொடுத்தாள். ஓட்டையில் குழாயை இணைக்க, மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் கனெக்டர் ஒன்று வாங்கினேன். புது ஹெட்போன் கனவு அதில் மூழ்கியது.

மார்ச் 8, ஞாயிறு

பழைய ஜன்னல் கண்ணாடியில் ஒத்திகை. அவசரத்தில் அழுத்தினேன். டப்.

இரண்டாவது துண்டு. டப்.

மார்ச் 10, செவ்வாய்

அம்மா வேலை செய்வது பல் டாக்டரிடம். டாக்டர் பல்லைக் குடையும்போது பக்கத்தில் நின்று தண்ணீர் பீய்ச்சுவது இவள்தான். நான் மூன்றாவது துண்டை உடைத்தபோது வாசலில் நின்று பார்த்தாள்.

"காஞ்ச பல்லை யாராவது குடைவாங்களாடி? சூடேறினா விரிசல்தான்."

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய், ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நாலாவது துண்டு: முழு வட்டம்! காசு மாதிரி கையில் விழுந்தது.

மார்ச் 14, சனி

நிஜத் தொட்டி. மேனேஜர் பக்கெட்டுக்குத் தற்காலிக இடமாற்றம். காலித் தொட்டியைப் படுக்க வைத்து, பின்பக்கம் டேப் ஒட்டி, பீய்ச்சும் தண்ணீர் தேங்கி நிற்க ஓட்டை வரும் இடத்தைச் சுற்றி மாவு உருட்டி வரப்பு கட்டினேன். அம்மா தொட்டியைத் தட்டி, "வாயை நல்லாத் திறங்க சார், வலிக்காது" என்றாள். அம்மாவுக்குக் கடிக்கத் தெரியும் என்று எனக்கு இதுவரை தெரியாது!

அழுத்தவில்லை. டிரில்லின் எடையை மட்டும் விட்டேன். பன்னிரண்டு நிமிடம், வெள்ளை வெள்ளையாய்க் கண்ணாடிப் பால். திடீரென்று சத்தம் மாறியது —

விழுந்தது வட்டம். தொட்டி தப்பியது.

நான் போட்டேன். நானே!

மார்ச் 15, ஞாயிறு

சொட்டுகிறது.

மார்ச் 16, திங்கள்

ரப்பர் வாஷரை வெளிப்பக்கம் போட்டிருக்கிறேன், மண்டு. உள்பக்கம் மாற்றினேன். டிஷ்யூ வைத்துப் பார்த்தேன், காய்ந்தே இருக்கிறது. மேனேஜர் வழியில் நுழையாமல் ஓட்டைக்கு முன்னால் அம்மாவின் பழைய சீப்பு. சீப்பு சீப்பாகவே கிடைத்தது.

மார்ச் 22, ஞாயிறு

பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துப் பார்க்க டெய்லர் அண்ணனை மேலே கூப்பிட்டேன். அவர் பிளக்கைத் தொடும் முன் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"அண்ணே, அன்னைக்குத் தப்பு தொட்டி மேல இல்ல. என் மேல." முடி, நிழல், டியூஷன் — எல்லாம் சொன்னேன். அம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது.

அவர் என் பக்கம் திரும்பினார். "எட்டு யூனிஃபார்ம் திரும்ப அயர்ன் பண்ணேன். தெரியுமா?"

"அடுத்த எட்டு நான் பண்றேன்ணே."

"நீ தொட்டா எரியும். பட்டன் தை, போதும்."

அப்புறம் பிளக்கைப் பிடுங்கினார். தண்ணீர் ஓட்டை மட்டத்துக்கு இறங்கி நின்றது. திரும்பப் போட்டார். ஏறியது, சீப்பின் பற்கள் வழியே வழிந்து இறங்கியது. ஏழு முறை செய்தார். தரையில் கையை வைத்துப் பார்த்தார்.

"காஞ்சிருக்கு" என்றார். "இருந்துட்டுப் போகட்டும்."

ஏப்ரல் 2, வியாழன்

பள்ளி விட்டு வந்தேன். ஓட்டைக்குப் பக்கத்தில், கண்ணாடியில் விரிசல்.

உயிரே போய்விட்டது. ஆனால் கை பிளக்குக்குப் போகவில்லை. முதலில் ஓட்டையைப் பார்த்தேன். தண்ணீர் தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கிட்டே போய் விரலால் தொட்டேன். விரிசல் விரலோடு வந்துவிட்டது.

பின்னால் அம்மா. "உன் கிராப்பு முடி குட்டை. இதுக்கு மேல பெரிய விரிசல் விட முடியல."

"அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"என் முடி எனக்குத் தெரியாதா?"

"அப்போ ஏன்மா சொல்லல?"

"நீ சொல்றியான்னு பாத்தேன்" என்று சிரிஞ்சை எடுத்து என் முகத்தில் பீய்ச்சினாள்.

முடியை இந்தப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். பக்கத்தில் அந்தக் கண்ணாடி வட்டத்தையும் ஒட்டியதில் நோட்டு மூட மாட்டேன் என்கிறது.