அடைபட்ட ஓட்டையைத் திரும்பக் கோருதல்

அனுப்புநர்:
கோலிமேட்டர் வடிவமைப்பாளர்,
நிலவறை, அறை எண் 14,
துகள் ஆய்வுக்கூடம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மேல்மாடி (ஜன்னல் உள்ள அறை).

பொருள்: பண்டகசாலைப் பரிசோதகர் நல்லெண்ணத்துடன் அடைத்துவிட்ட மூன்று மில்லிமீட்டர் ஓட்டையை மீட்டுத் தருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் என் மானத்தை நானே வாங்கிக்கொள்கிறேன். என் மனைவி வடிவமைத்த டிடெக்டரைக் குழுவினர் ஒன்பது பேர் முன்னிலையில் "குருட்டு டப்பா" என்று சொன்னவன் நான். இரண்டு முறை கழற்றிக் காட்டவும் வைத்தேன்.

1. கோலிமேட்டர் என்பது தடித்த ஈயக்கட்டி. நடுவே நேராக ஓர் ஓட்டை. தறிகெட்டு வரும் துகள்களை ஈயம் தடுக்கும். ஒழுங்காக வருபவை ஓட்டை வழியே போய் டிடெக்டரில் விழும், அது எண்ணும். ஆக, இந்தக் கூடம் எனக்குச் சோறு போடுவதே அந்த ஓட்டைக்காகத்தான். அதன் அகலத்தை முடிவுசெய்ய எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

2. துகள் கற்றை எங்களுக்கு ஒதுக்கப்பட்டது ஐந்தே நாள். மூன்று நாளாக டிடெக்டர் எண்ணியதோ, வானத்திலிருந்து வழிதவறி வந்த நாலைந்து துகள்களை. புதிய இயற்பியலையே கண்டுபிடித்துவிட்டேனோ என்று ஒரு பகல் முழுக்க மிதப்பில் திரிந்தேன். மனைவிதான், "என் டிடெக்டருக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. நீங்க போய் உங்க ஓட்டையைப் பாருங்க" என்றார். கோலிமேட்டரை மூடியிருந்த அலுமினிய உறையைக் கழற்றினேன். ஈயம் மழித்த கன்னம்போல வழுவழுவென்று இருந்தது.

3. பரிசோதகர், கட்டி "பழுதுடன்" வந்ததாகவும், திருப்பி அனுப்பினால் எனக்குத் தாமதமாகுமே என்று தாமே ஈயம் காய்ச்சி ஊற்றியதாகவும் கூறினார். "பாலிஷ் வேற போட்டிருக்கேன் சார், இருந்த இடமே தெரியாது" என்று நன்றியையும் எதிர்பார்த்து நின்றார்.

4. இந்த வாய்ப்பு போனால் அடுத்தது எட்டு மாதம் கழித்து. அந்த எட்டு மாதமும் நான் அதே வீட்டில்தான் சாப்பிட்டாக வேண்டும்.

ஆகவே, இன்றே துளையிடப் பட்டறைக்கு உத்தரவிடவும், இழந்த மூன்று நாட்களை நீட்டித்துத் தரவும், டிடெக்டர் குற்றமற்றது என்று முத்திரையிட்ட சான்று ஒன்றை என் மனைவிக்கு அனுப்பவும் வேண்டுகிறேன். (என் வாய்மொழி மன்னிப்பு ஏற்கப்படவில்லை.) எந்த விதியின்படி ஒருவர் இன்னொருவரின் ஓட்டையை அடைக்கலாம் என்று பரிசோதகரிடம் எழுத்துமூலம் விளக்கமும் கேட்க வேண்டும்.

இடம்: நிலவறை
நாள்: ஒதுக்கீட்டின் நான்காம் நாள், காலை

இப்படிக்கு,
ஓட்டை இழந்த வடிவமைப்பாளர்
(ஒப்பம்)

இணைப்பு: இந்த ஈயக்கட்டிக்கு நான் கையொப்பமிட்ட கொள்முதல் படிவம், நகல். நிபந்தனை 4: "ஈயத்தில் எங்கும் ஓட்டை இருக்கக் கூடாது." (சென்ற ஆண்டு கதிர்வீச்சுத் தடுப்புச் சுவருக்கு எழுதியதைப் பார்த்து எழுதியது.)