மஞ்சுகூர்க் கோட்டையில் சித்திரப் பலகை குளிர்ந்த செய்தி

ஏழு மலைக்கும் ஒரே நிழலாய் விளங்கும் ஆழிநாட்டுப் பேரரசி எழிற்கோமாதேவியாரின் திருமுன்னர், வட எல்லை மஞ்சுகூர்க் கோட்டையின் காவலன் வேள் கடம்பனாதன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மழை பொய்க்காதிருக்க. இதைக் கொணரும் புறாவுக்குத் தானியமும் நிழலும் கிடைக்க.

முற்றுகை தொடங்கி இன்று நாற்பத்தோராம் நாள். உள்ளே நாங்கள் எழுபத்திரண்டு பேர். ஆயினும் வெளியே சூழ்ந்திருக்கும் கருங்கொடியார் எங்களை இரண்டாயிரவர் என்றே எண்ணுகின்றனர். தாங்கள் அருளிய சித்திரப் பலகை கீழறையில் நீர்ச்சக்கரத்தால் இயங்கி, மதில்மேல் வேலேந்திய வீரர்களை ஒளியால் வரைந்து உலவவிடுவதே காரணம். பகைவருள் ஒரு குறும்பன், எல்லா மீசையும் ஒன்றுபோல் இருக்கக் கண்டு, உங்கள் படை முழுமைக்கும் ஒரே ஆள்தான் மீசை திருத்துகிறானா என்று நேற்றுக் கீழிருந்து கூவினானாம். நாங்கள் சிரிக்கவில்லை.

வரைய வரையப் பலகை கொதிக்கும். பலகையைச் செய்த ஆலையார் பொருத்திய இரு சிறு விசிறிகள் வெறிகொண்டு சுழன்றும், இருவர் மாறி மாறி ஓலை விசிறியால் வீசியும், வெப்பமானி தொண்ணூற்றிரண்டைத் தொட்டது. உருவங்கள் கிழிந்தன, ஒரு வீரனின் கால்கள் மட்டும் மதிலில் நடந்தன. இரைச்சலோ அதனினும் கொடிது. பகைவர் சுரங்கம் தோண்டுவதாக ஐயுற்று, செப்புக் குடங்களை நிலத்தில் புதைத்து அவற்றின் வாயில் காது வைத்தோம். விசிறிகளின் ஊளையன்றி ஏதும் கேட்கவில்லை. பலகையை நிறுத்தினால் மதில் வெறுமையாகும். நிறுத்தாவிடில் நாங்கள் செவிடர்.

ஆகவே அவ்விசிறிகள் அமைந்த குளிர்விப்பானையே மாற்றத் துணிந்தோம். கிடங்கில் வேறொரு பலகைக்கென வந்த பெரிய குளிர்விப்பான் பிரிக்கப்படாத பெட்டியில் கிடந்தது: தடித்த செம்புத் தகடு, வெப்பம் கடத்தும் குழாய்கள், மெதுவாகச் சுழலும் மூன்று அகன்ற விசிறிகள். பழையதன் திருகுமேல் தங்கள் முத்திரை ஒட்டியிருந்தது. உடைப்பவர் கையை இழப்பர் என்பது ஆணை. பொறிவினைஞர் கொன்றைச்செல்வி, தமக்குக் கை வேண்டும், காவலருக்கு அவ்வளவாக வேண்டியிராது என்றார். எனவே உடைத்தது என் கை.

மூடுபனி மதிலை மறைத்த காலைப்பொழுதில் வேலை தொடங்கினோம். பலகையின் வெப்பத்தைக் குளிர்விப்பானுக்குக் கடத்தும் பழைய பசை சுண்ணாம்பாய் உலர்ந்திருந்தது; அதைச் சுரண்டினோம். புதுப்பசையை நான் அள்ளியபோது, ஓர் அரிசியளவு போதும், தோசைக்கல்லுக்கு எண்ணெய் தேய்க்க வரவில்லை என்று அவர் என்னைக் கடிந்தார். அவ்வளவு கவனித்தவரும் நானும், செம்புத் தகட்டின் அடியில் ஒட்டியிருந்த மெல்லிய காப்புத்தாளை உரிக்க மறந்தோம். இயக்கியதும் வெப்பம் முன்னினும் விரைந்து ஏறியது. பனி கலையத் தொடங்கியிருந்தது. மீண்டும் கழற்றி, தாளை உரித்து, திருகுகளை எதிரெதிர் மூலையாக முடுக்கினோம். கடைசிப் பனி விலகுகையில் வீரர் மதிலேறினர். வெப்பமானி அறுபத்தொன்றில் நின்றது.

அறை அமைதியானது. அந்த அமைதியில் குடங்கள் பேசின. கீழைக் கோபுரத்தின் அடியில் கடப்பாரை ஒலி. இடையிடையே மனிதர் இருமல். நான்கு நாளில் எங்களை எட்டிவிடுவர் என்கிறார் கொன்றைச்செல்வி. தங்கள் சேனை வர ஒன்பது நாள். நாங்களும் எதிர்ச்சுரங்கம் தோண்டுகிறோம்; ஆனால் பாறை எங்கள் பக்கம்தான், வேலை நகரவில்லை.

இவ்வோலை உதவி வேண்டி அன்று, எச்சரிக்கவே. முன்பு பலகைக்கு விசிறிவிட ஆள் வேண்டியிருந்தது. இப்போது எவரும் வேண்டா. நீர்ச்சக்கரம் சுழலும்வரை, நாங்கள் மாண்ட பின்னும் இரண்டாயிரவர் மதிலில் உலவுவர். பகைவரும் அதை நிறுத்தார், பேரரசியாராகிய தங்கள் சேனையை உள்ளே ஈர்க்க அதுவே தூண்டில். ஆதலால், உயிரோடுள்ளவரை நாள்தோறும் நண்பகலில் எங்களுள் ஒருவர் கீழறைக்குச் சென்று, தம் கையால் பலகையை ஏவி, வீரர் அனைவரையும் தெற்கே தங்கள் திசை நோக்கித் தலை வணங்கச் செய்வோம்.

காவலன் இலச்சினை பொறித்து, தங்கள் பெயரால், தெற்கே எங்கள் மதிலைக் கண்ணால் காணும் கணவாயின் தலைவர்க்கு இடும் ஆணை: அவர்கள் வணங்காத முதல் நண்பகலில், மதில் எத்துணை நிறைந்து தோன்றினும், கணவாயை அடைத்துவிடுக. கோட்டையில் எம்மவர் எவரும் இல்லை.