பெட்டியைத் திறக்காதே

ஆய்வுக்கூடம், தனிமைப் பிரிவு
4.4.2025

அன்புள்ள ஜெபா அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உள்ளே வந்து ஆறு நாளாகிறது. போன் கிடையாது. நான் எழுதும் இந்தத் தாள்கூட வெளியே வராது. படம் பிடித்து அதைத்தான் உனக்கு அனுப்புவார்கள். ஒரு சிறுகோளிலிருந்து விண்கலம் அள்ளி வந்த மண் எங்களிடம் இருக்கிறது. நம் கிருமி அதில் ஒட்டக்கூடாது. அதில் ஏதாவது உயிர் இருந்தால் அது நம்மிடம் வந்துவிடவும் கூடாது. அதற்குத்தான் இத்தனை கெடுபிடி.

பொட்டல்வெளியில் இறங்கிய பெட்டியை நானும் அன்புசெல்வனும்தான் தூக்கி வந்தோம். அதன் மூடியை இறுக்கும் உலோக வளையம் எங்கே செய்தது தெரியுமா? கும்மிடிப்பூண்டியில், உங்கள் கம்பெனியில்! "எங்க அக்கா அங்கதான் செக்கிங்ல கீது" என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். இருபத்தைந்தாம் தேதி திறக்கிறோம். பிரின்சி பாப்பாவுக்கு என் முத்தம்.

உன் தம்பி,
ஸ்டீபன்

பொன்னேரி
9.4.2025

அன்புத் தம்பி ஸ்டீபனுக்கு,

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். பிரின்சிக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. மாமாவுக்கு இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். இப்படியொரு வேலைக்கு உள்ளே போகிறேன் என்று முன்பே ஒரு வார்த்தை சொன்னாயா? அதில்தான் எனக்கு வருத்தம்.

அந்த வளையத்தின் ஓரத்தில் ஒரு எண் பொறித்திருக்கும். அது என்ன என்று பார்த்து எழுது. சும்மாதான் கேட்கிறேன். உடனே எழுது.

அக்கா ஜெபா

தனிமைப் பிரிவு
14.4.2025

அக்கா,

எண் 4117. ஏன் கேட்டாய்? அந்தக் கேள்வி என் மண்டையை விட்டுப் போகவில்லை.

பெட்டிக்குள் காற்றே இருக்கக்கூடாது. ஆனால் அழுத்தம் காட்டும் முள் கொஞ்சம் ஏறியிருக்கிறது. வெயிலில் கிடந்த சூடு என்கிறார் எங்கள் தலைவர் தணிகாசலம். நேற்றிலிருந்து அன்புசெல்வனுக்குக் காய்ச்சல். எதிர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கண்ணாடி வழியாகக் கை காட்டுகிறான். அவன் இருமும்போதெல்லாம் நான் என் தொண்டையைத் தடவிப் பார்க்கிறேன். உனக்கு ஏதாவது தெரிந்தால் மறைக்காதே.

ஸ்டீபன்

பொன்னேரி
18.4.2025

ஸ்டீபா,

பெட்டியைத் திறக்காதே. இந்தக் கடிதத்தை உன் அதிகாரிகள் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், நான் வேலைக்குச் சேர்ந்த நாலாவது மாதம். 4117ஐ விளக்கடியில் திருப்பினேன். உள்விளிம்பில் மயிர்போல ஒரு கீறல். சூப்பர்வைசர் சந்திரமோகனிடம் காட்டினேன். அவர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "இன்னாமா, பூதக்கண்ணாடி வெச்சிக்கினு ஊட்டுக்குப் போற வரைக்கும் பாத்துக்கினே இருப்பியா? லாரி எளாவூர் செக்போஸ்ட் தாண்டணும். பேஜாரு பண்ணாத, கையெழுத்துப் போடு" என்றார். போட்டுவிட்டேன். இத்தனை வருஷமும் அது பழுதில்லாத வளையம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. தட்டில் சோறு அப்படியே இருந்தது. "ஏன் தின்னாம உக்காந்துகினு கீற?" என்று மாமா கேட்டார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இன்று காலை உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எழுதியும் கொடுத்துவிட்டேன். மத்தியானம் கம்பெனி கேட்டில் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, இனி வேலைக்கு வராதே என்று அனுப்பிவிட்டார்கள். அது போகட்டும். நீ அந்தப் பெட்டியின் பக்கத்தில் போகாதே.

ஜெபா

பொன்னேரி
1.5.2025

ஸ்டீபா,

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அலுவலகத்தில் கேட்டால் "சொல்ல அனுமதியில்லை" என்கிறார்கள். நீ உயிரோடு இருக்கிறாய் என்று மட்டுமாவது, இதைப் படிக்கும் அதிகாரிகள் யாராவது எழுதுங்கள்.

அக்கா

தனிமைப் பிரிவு
17.5.2025

அக்கா,

உயிரோடுதான் இருக்கிறேன். எழுத வேண்டாமென்றுதான் இத்தனை நாள் இருந்தேன்.

உன் போன் வந்த அன்றே திறப்பதை நிறுத்தினார்கள். சோதித்தபோது வளையம் கசிந்தது. நம் காற்று உள்ளே போயிருக்கிறது. அதைவிட மோசம், இடுக்கில் அந்த மண்ணின் தூசி இருந்தது. நாங்கள் பெட்டியைத் தூக்கிய கையுறையிலும் இருந்தது. அதற்குப் பிறகு யாரும் என் அறைக்குள் சும்மா வரவில்லை. ரத்தம் எடுக்க வரும் நர்ஸ் பூமிகா மூன்று அடுக்கு உடை போட்டிருந்தும் தள்ளி நின்று கையை எட்ட நீட்டித்தான் ஊசி குத்தினாள். என் மூச்சுக்கே நான் பயந்து படுத்திருந்தேன்.

அன்புசெல்வனுக்கு வந்தது சாதாரண சளிக்காய்ச்சல், தூசியால் வந்ததல்ல. தூசியில் உயிர் எதுவும் இல்லை என்று நேற்றுதான் உறுதி செய்தார்கள். மேலடுக்கு மண் கெட்டுவிட்டது. தனியாக மூடியிருந்த உள்குழாய்கள் தப்பின.

நீ சொல்லாமல் இருந்திருந்தால் திறந்திருப்போம். ஆறு வருஷம் சொல்லாமல் இருந்ததும் நீதான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

வியாழக்கிழமை வெளியே விடுகிறார்கள். நேராகப் பொன்னேரிக்குத்தான் வருவேன். வந்ததும் உன்னிடம் பேசுவேனா என்று தெரியாது. நீயும் எதுவும் கேட்காதே. சோறு போட்டுவிட்டு எழுந்து போகாமல் எதிரில் உட்கார்ந்திரு.

ஸ்டீபன்