மனுவின் கடைசி வரி

என் பிரியமுள்ள அத்திம்பேருக்கு,

நீங்கள் ஜெயில் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடி ஒரு வருஷமாகப் போகிறது. அக்கா சௌக்கியம் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள், அதனால் எழுதவில்லை. வலியசாலை வீட்டில் உங்கள் மூக்குக்கண்ணாடியை இன்னும் தினமும் துடைத்து வைக்கிறாள்.

உங்களோடு பத்திரிகையில் எழுதிய கோட்டாறு வாத்தியார் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். ஜனங்களுக்குப் பதில் சொல்லும் ஆட்சி வேண்டும் என்று நீங்கள் எழுதியதையேதான் அவரும் எழுதினார். இரண்டு பேரும் கத்தியா எடுத்தீர்கள்? அவருக்காக மூன்று மனு கொடுத்துவிட்டேன். மூன்றும் திரும்பி வந்தன.

சர்க்கார் ஆபீஸில் மலையாளத்துக் கிளார்க் முகத்தைப் பார்க்காமலே கேட்கிறார்: "ஸ்வாமி, அந்த வரி எவிடெ? அதில்லாம மேலே போகாது."

எந்த வரி என்று உங்களுக்குத் தெரியும். 'அறியாமல் செய்த பிழையைப் பொறுத்தருள வேண்டும்.' இருபது வருஷமாக வக்கீல் குமாஸ்தா நான். வாய்க்கால் தகராறானாலும் உத்தியோக மாற்றமானாலும் மனுவை அப்படித்தான் முடிப்பேன். உங்களுக்காக நான் கொடுத்த மனுவையும் கைப்பழக்கத்தில் அப்படியே முடித்தேன். விடுதலை உத்தரவும் வந்தது. மனுவைக் காட்டி, அதன் கீழே கையெழுத்துப் போட்டால் போகலாம் என்றார்கள். நீங்கள் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏண்டா, அறியாம எழுதினேன்னு நான் எப்போ சொன்னேன்?" என்று கேட்டீர்கள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சல் வந்தது. பாவி, நான்தான் உங்களைக் கொன்றேன் என்று சில நாள் தோன்றுகிறது. அந்த வரி இல்லாவிட்டால் உத்தரவே வந்திருக்காது என்று சில நாள் தோன்றுகிறது. எது நிஜம், அத்திம்பேரே?

நேற்று வாத்தியாரின் மனைவி வந்தாள். அவருக்கும் இப்போது காய்ச்சலாம். "சாமி, அந்த வரியப் போட்டிருங்க. எனக்கு அவுக உசுரோட வேணும்" என்றாள். அக்கா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எழுதிக் குடுத்துடுடா" என்றாள் அக்கா. உங்கள் அகமுடையாள்தான் சொன்னாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நாலாவது மனு மேஜைமேல் கிடக்கிறது. கடைசியில் ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். திங்கட்கிழமை வாத்தியாரைப் பார்க்க அனுமதி. அவரும் வேண்டாம் என்றுதான் சொல்வார், எனக்குத் தெரியும். மனு திரும்பி வரும், காய்ச்சல் ஏறும். இருந்தாலும் முழுக்க அவருக்குப் படித்துக் காட்டாமல் அந்த இடத்தில் ஓர் எழுத்துக்கூட எழுதமாட்டேன். இது சத்தியம். உங்களை நான் கேட்கவே இல்லை.

உங்கள் பேரில் மன்னிப்புக் கேட்ட,
உங்கள் மைத்துனன்