மெத்தோதி விழுந்த புதன்கிழமை

மே 24, சனி

எழுத்துத் திருநாள், பல்கேரியா முழுக்கப் புனிதர்கள் கிரிலுக்கும் மெத்தோதிக்கும் விழா. பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம் பேண்டு வாத்தியத்தோடு ஜன்னலுக்குக் கீழே போனது. வியன்னாவிலிருந்து வீடியோவில் பேசிக்கொண்டிருந்த என் மகள் நெவெனாவுக்கும் அது கேட்டிருக்கிறது. நாங்கள் சேர்ந்து ஆடும் பிராணி பிடிக்கிற வீடியோ விளையாட்டில் இன்று அகப்படும் ஜோடிக்கு அந்தப் புனிதர்களின் பெயரையே வைக்கலாம் என்றாள். அவளிடம் அகப்பட்டது ஒரு வெள்ளை ஆந்தை: கிரில். எனக்கு ஒரு தவளை: மெத்தோதி. நமக்கு எழுத்து தந்த அண்ணன் தம்பி இப்படி ஆகிவிட்டார்கள். பாதிரியார் காதில் விழுந்தால் பொல்லாப்பு.

அவள் விதிகளை மறந்து தொலைக்கிறேன், எழுதியே வைக்கிறேன். விளையாட்டு இதையெல்லாம் கேட்பதில்லை, நாமாகத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. ஒவ்வொரு இடத்திலும் முதலில் எதிர்ப்படும் பிராணியை மட்டும்தான் பிடிக்கலாம். பெயர் வைத்தே ஆகவேண்டும். சண்டையில் விழுந்தால், பையில் மருந்து இருந்தாலும், செத்தது செத்ததுதான். 'கல்லறை' என்று ஒரு பெட்டி, அதில் போட்டுவிட வேண்டும். அவளுடையதும் என்னுடையதும் ஜோடி ஜோடியாக. ஒன்று செத்தால் அதன் ஜோடியும் கல்லறைக்கு. எல்லா ஜோடியும் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது.

யார் பார்க்கிறார்கள்? யாருமில்லை. அதுதான் விஷயம் என்கிறாள்.

மே 27

லிஃப்ட் பழுதுபார்க்கப் போன கட்டிடத்தின் மோட்டார் அறையில் சாப்பாட்டு நேரத்தில் ஆடிக்கொண்டிருந்ததை என்னோடு வேலை செய்யும் ஸ்தமாத் பார்த்துவிட்டான். "நாப்பத்தஞ்சு வயசுல தவளை வளக்கறான்யா" என்று கம்பெனி முழுக்கச் சொல்லிவிட்டான்.

ஜூன் 7, சனி

அவளுடைய நரி விழுந்தது. ஜோடி என்பதால் என் கழுதையும் போனது. நல்ல கழுதை. நெவெனா தன் அரைகுறை பல்கேரிய மொழியில் "கடவுள் மன்னிக்கட்டும்" என்றாள், இழவு வீட்டில் சொல்கிற அதே குரலில். யாரிடம் கற்றாளோ. செத்தவர்களுக்குச் செய்கிற மாதிரி நான் கிளாஸிலிருந்து கொஞ்சம் ஒயினைத் தரையில் ஊற்றினேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பின்னாலிருந்து அவள் அம்மா பிர்கிட் ஜெர்மனில் ஏதோ அதட்டினாள். பிரிந்து பதினோரு வருடமாகியும் அந்தக் குரலைக் கேட்டால் எனக்கு முதுகு நிமிர்ந்துவிடுகிறது.

வாரத்தில் ஒரு மணி நேரம். முன்பு பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும்தான் பேசுவோம். 'நல்லா இருக்கியா', 'நல்லா இருக்கேன்', அவ்வளவுதான்.

ஜூன் 21, சனி

செப்டம்பரிலிருந்து படிப்பு அதிகமாம். "இந்த ஆட்டம் முடியற வரைக்கும் சனிக்கிழமை வரேன்ப்பா, அப்புறம் பார்க்கலாம்" என்றாள். 'அப்புறம் பார்க்கலாம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

மூன்று ஜோடிதான் மிச்சம். ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஜூலை 2, புதன்

மெத்தோதி செத்துவிட்டான்.

மோட்டார் அறையில் அவனைப் பழக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த கட்டிடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒரு அம்மாள் தர்பூசணியோடு மாட்டிக்கொண்டாள் என்று போன். பேசிக்கொண்டே அழுத்தினேன். தப்பான பொத்தான். ஒரே அடி. திரும்பிப் பார்த்தால் தவளை குப்புறக் கிடக்கிறது.

ஒரு பொம்மைத் தவளை. சே.

கிரிலும் போகவேண்டும். அவள் உயிரையே வைத்திருக்கிற ஆந்தை அது. அவன் இல்லாமல் அடுத்த அரங்கத்தை ஜெயிக்க முடியாது. மிச்ச இரண்டு ஜோடியும் அங்கே விழும், அதோடு ஆட்டம் முடியும். சனிக்கிழமையும் முடியும்.

ஜூலை 5, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பில் கேட்டாள்: "மெத்தோதி நல்லா இருக்கானா?" நான் தலையை மேலே தூக்கி இறக்கினேன். இந்த ஊரில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம். பொய் சொல்லவில்லை. 'இல்லை' என்றுதான் சொன்னேன். ஆனால் அவள் முகம் மலர்ந்துவிட்டது. வியன்னாவில் அது 'ஆமாம்'. "அப்பாடா" என்று ஆந்தையை முன்னால் கொண்டுவந்தாள்.

அப்போது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

ஜூலை 12, சனி

செத்த தவளைக்கு மருந்து கொடுத்து ஆடினேன். அரங்கத்தில் ஜெயித்தோம். கடைசி அடி மெத்தோதியுடையது. "எங்கப்பாடா!" என்று கத்தினாள். பதினாறு வயதில் முதல் தடவையாக அப்படிச் சொல்கிறாள். நான் சந்தோஷப்பட முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 16

ஸ்தமாத்திடம் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "பொம்மை செத்துச்சா இல்லையாங்கறது பெரிசில்லடா. பொண்ணு உன் வாக்கை நம்பி ஆடுது" என்றான். பிறகு ஸ்பானரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

ராத்திரி என்னையே கேட்டுக்கொண்டேன்: நீ என்னத்தடா காப்பாத்தற? ஆட்டத்தையா? அவளயா? பொய்யி மேல உக்காந்து எத்தன சனிக்கிழம ஓட்டுவ?

ஜூலை 19, சனி

சொல்லிவிட்டேன்.

அவள் திரையில் கிரிலைத் தேர்ந்தெடுத்தாள், கல்லறைப் பெட்டியைத் திறந்தாள், போட்டு மூடினாள். 'கடவுள் மன்னிக்கட்டும்' சொல்லவில்லை.

"நான் கேட்டப்ப தலையாட்டினியே."

"இங்க அதுக்கு இல்லைன்னு அர்த்தம்மா."

"தெரியும்ப்பா. நான் அப்படி எடுத்துக்கலைங்கறதும் உனக்குத் தெரியும்."

அவ்வளவுதான். துண்டித்துவிட்டாள்.

ஜூலை 26, சனி

அழைக்கவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை, என்ன முகத்தோடு அழைப்பது?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வேலையில் இருக்கும்போது அழைப்பு. செவ்வாய்க்கிழமை! என்னவோ ஏதோ என்று பயந்து எடுத்தேன். அவள் கையில் விளையாட்டுக் கருவி இல்லை. கோபமும் இல்லை, களைத்துப்போன முகம்.

"ஒண்ணு கேக்கணும். பஸ் ஸ்டாண்ட்ல நானும் அம்மாவும் வியன்னா பஸ்ல ஏறினப்ப, நீயும் வருவியான்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. அவளுக்கு ஐந்து வயது. சிவப்புக் கோட்டு.

"நீ தலையாட்டின. இப்படி." மேலும் கீழும் ஆட்டிக் காட்டினாள். "அம்மா ஆட்டினா ஆமாம், நீ ஆட்டினா இல்லை. எனக்கு அது தெரியும். இருந்தாலும் அன்னைக்கு அம்மாவோட அர்த்தத்தை எடுத்துக்கிட்டேன். அந்தக் குளிர்காலம் பூரா ஜன்னல்கிட்டயே நின்னேன்ப்பா. அம்மா எவ்வளவோ சொன்னா, நம்பலை."

என் மகள். ஜன்னலோரம். நான் இங்கே, பிள்ளைக்கு எல்லாம் புரிந்துவிட்டது, அழாமல் ஏறினாளே, கெட்டிக்காரி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். பிர்கிட்டின் புதுப் புருஷன் முகத்தைப் பார்க்க ரோஷம், அதனால் ஒருமுறைகூட அங்கே போகவில்லை. ரோஷமாம்!

மோட்டார் அறையில் உட்கார்ந்து அழுதேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. கடைசியில், "இப்பக் கேக்கறேன். வருவியா? வாயால சொல்லு" என்றாள்.

"வரேன்."

"எப்ப?"

"பதினஞ்சாம் தேதி லீவு போடறேன். அன்னைக்கே கிளம்பறேன்."

ஆகஸ்ட் 15, வெள்ளி

பேருந்தில் எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக வருகிறது. ஊரெல்லாம் மாதாவின் திருநாளுக்குக் கோயிலில் நிற்க, நான் செர்பிய எல்லையில் வரிசையில் நிற்கிறேன். ஸ்தமாத்தின் மனைவி ஒரு பாட்டில் வறுத்த மிளகாய் விழுது கொடுத்தனுப்பியிருக்கிறாள். அது பிர்கிட்டுக்கும் அவள் புருஷனுக்குமாம். கொடுத்துவிடுவேன்.

காலையில் நெவெனா செய்தி அனுப்பியிருந்தாள்: பேருந்து நிலையத்துக்கு நானே வந்து நிற்கிறேன்.

எல்லையில் வண்டி நகரவேயில்லை. ஓட்டுநரிடம் போய்க் கேட்டேன். ஒன்றரை மணி நேரம் தாமதமாகும் என்றார். உடனே அவளுக்கு எழுதிப்போட்டேன்: ஒன்றரை மணி நேரம் தாமதம், வந்துகொண்டுதான் இருக்கிறேன், அதுவரை நிற்காதே, உட்கார்ந்திரு.