வெள்ளிக்கிழமை நண்பகல் தண்ணீர்

அனுப்புநர்:
மீராலெப்பை ஆதம்பாவா,
ஆலையடி வாய்க்கால், கடைசிக் கண்டத்து விவசாயி,
சம்மாந்துறை.

பெறுநர்:
நீர்ப்பங்கீட்டு அதிகாரி அவர்கள்,
ஆலையடி வாய்க்கால் அலுவலகம்.

விடயம்: கடைசிக் கண்டத்தின் தண்ணீர் முறையை வேறு நாளுக்கு மாற்றித் தரக் கோருதல்

மதிப்புக்குரிய ஐயா,

என் எழுத்து மாடு மிதித்த வரம்பு போல் இருப்பதற்கு முதலில் மன்னிக்கவும். இதுவரை தங்கள் அலுவலகத்தில் கைநாட்டு மட்டுமே வைத்திருக்கிறேன். இந்த வருடம்தான் முதியோர் வகுப்பில் சேர்ந்து எழுதப் பழகினேன். நான் மெதுவாக எழுதுவதால் தாங்களும் மெதுவாகவே வாசிக்கலாம்.

1. தங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த தண்ணீர் முறை அறிவித்தலை நானே வாசித்தேன். வாய்க்காலின் கோடியில் உள்ள எங்கள் வயல்களான கடைசிக் கண்டத்துக்கு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு முதல் இரண்டு மணி வரை என்றிருந்தது. வாசிக்க முடிந்த சந்தோசத்தில், அது ஜும்ஆத் தொழுகை நேரம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

2. அந்த நேரம் நாங்கள் பள்ளிவாசலில் இருப்போம். மேல் கண்டத்தாரும் வருகிறார்கள்; தம்முடைய மடைகளைத் திறந்துவிட்டு வருகிறார்கள். முதல் வரிசையில் அவர்களே நிற்பதால் குறை சொல்லவும் வாய் வரவில்லை. தொழுதுவிட்டு நாங்கள் வயலுக்குப் போகும்போது நேரமும் முடிந்திருக்கும், தண்ணீரும் முடிந்திருக்கும்.

3. ஜும்ஆ இல்லாத பக்கத்து வயற்காரர் சின்னப்போடி போன வெள்ளி எங்களுக்காகக் காவல் நின்றார். ஒரு மடையை அடைத்து அடுத்த மடைக்கு அவர் நடந்து சேர்வதற்குள் எங்கள் முறை போய்விட்டது. “காக்கா, நீங்க தொழுதீங்க, நான் நடந்தன். தண்ணி மட்டும் வரல்ல” என்றார்.

4. மழை பெய்யாததற்கும் குளம் வற்றியதற்கும் தங்களைக் குறை கூறவில்லை. அந்த மனுவைத் தினமும் ஐந்து வேளை வேறிடத்துக்கு அனுப்பி வருகிறோம். மிஞ்சிய தண்ணீரைப் பங்கிடுவது மட்டுமே தங்கள் பொறுப்பு.

5. பயிர் கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவத்தில் நிற்கிறது. ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல், பாயாவிட்டால் அரிசி பிடிக்காத சப்பி. வீட்டு அரிசி முடிந்து, நெல் விதைத்த நானே கடையில் அரிசி வாங்குகிறேன். நல்ல அரிசி எது என்று கடைக்காரர் எனக்கு விளக்கம் சொல்கிறார், கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் இருப்பது பெரும்போகத்துக்கான விதைநெல் மூட்டை மட்டும். நேற்று என் மனைவி கைருன்னிஸா அதன் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். “இத அவிச்சுக் குத்தினா இந்த மாசம் திண்டிரலாம். பொறகு எதை விதைக்கிற?” என்று கேட்டாள். மூட்டையை நானே திரும்பவும் கட்டி வைத்தேன்.

ஆகவே எங்கள் முறையை வியாழனுக்கோ சனிக்கோ மாற்றி, அந்த நேரத்தில் மேல் மடைகள் அடைத்திருக்க ஓர் ஊழியரை நிறுத்தித் தருமாறு பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கிழமைக்குள் நடந்தால் பயிர் தப்பும். விதைநெல்லும் அடுப்புக்குப் போகாது.

அடுத்த கிழமை வகுப்பில் நன்றிக் கடிதமும் நினைவூட்டல் கடிதமும் எழுதப் பழக்குவார்களாம். இரண்டில் ஒன்றைத் தங்களுக்கு எழுதுவேன். எது என்பதைத் தாங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

இவ்வண்ணம்,
தங்கள் உண்மையுள்ள,
மீ. ஆதம்பாவா

சம்மாந்துறை
20.06.2023