மூன்று மூட்டை மணல்

பிப்ரவரி 4, ஞாயிறு

இன்று காலை கூடத்தில் இருந்தவர்கள்: நான், இவர், மகள், என் அண்ணன், இவருக்கு இரும்பு வேலை செய்து தரும் லேத் பட்டறைக்காரர். வேறு யாருமில்லை. கடவுளையும் சேர்த்தால் ஒருவர் கூடுதல். அவரை நான் அழைத்திருந்தேன்.

மகள் வாசற்கதவிலிருந்து ஜன்னல் வரை நடந்தாள். இவர் கூரையில் பொருத்திய தண்டவாளத்தின் கீழே, இடுப்பிலும் தொடையிலும் பட்டை கட்டிக்கொண்டு. பட்டையிலிருந்து கயிறு மேலே போய், கப்பியில் ஏறி, மறுபக்கம் மணல் மூட்டைகளில் முடிகிறது. மூட்டைகள் எவ்வளவு கனமோ அவ்வளவு பாரம் அவள் கால்களில் இறங்காது. மூட்டை குறையக் குறையக் கால் தேறுகிறது என்று அர்த்தம். விபத்துக்குப் பிறகு, மூட்டைக்கு ஐந்து கிலோ மணல் என்று எட்டு மூட்டையில் தொடங்கினோம். இன்று மூன்று.

அண்ணன் கைதட்டினார். "மாப்பிள்ளை, அடுத்து என்னையும் கட்டித் தொங்கவிடுங்க. தொப்பையாவது குறையட்டும்."

"உங்களுக்கு இந்தத் தண்டவாளம் தாங்காதுண்ணே, ரயில்வேகிட்டதான் கேட்கணும்" என்றார் லேத்காரர்.

இவர் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்த விரல்களுக்கு ஸ்ப்ரிங் வைத்த கையுறை, உட்கார்ந்தபடியே மிதிக்க ஒரு பெடல் என்று ஏதாவது செய்துகொண்டே இருப்பார். கிளினிக்கில் ஸ்ப்ரிங் டாக்டர் என்றுதான் பேர். என் கையிலோ காலிலோ மாட்டிப் பார்க்காமல் எந்தக் கருவியும் வெளியே போனதில்லை. இந்தத் தண்டவாளம் மட்டும் மகளுக்கென்றே செய்தது.

வேறு ஊரில் பாலங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. 20-ம் தேதிக்குள் பதில் எழுத வேண்டும், மார்ச் 4 சேர வேண்டும். சக்கர நாற்காலியிலேயே போகிறேன் என்கிறாள். இவர் இன்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "ரெண்டு மாசம் தவணை கேட்டு எழுதுவோம். என் பொண்ணு அந்த ஆபீசுக்குள்ள நடந்துதான் போவா."

மகள் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். குறைந்த ஒவ்வொரு மூட்டைக்கும் தனித்தனியாக. எனக்கு எதிலும் கணக்கு வேண்டும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

சக்கர நாற்காலியில் போகவேண்டிய வேலை முடிந்து அவளைக் கட்டிலுக்கு மாற்றியதும் இவர் அதை மடித்துக் கதவுக்குப் பின்னால் வைத்துவிடுகிறார். "வீல்சேர் பழகிட்டா கால் மறந்துடும்."

"அப்போ கட்டில்ல படுத்தா முதுகு மறந்துடுமாப்பா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவருக்கு வரவில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மூட்டை உறைகள் அழுக்கேறிக் கிடந்தன, துவைக்கலாம் என்று எடுத்தேன். மாட்டுவதும் கழற்றுவதும் எப்போதும் இவர்தான். தைத்து, மணல் ரொப்பிக் கொடுத்ததற்குப் பிறகு நான் தொடுவது இன்றுதான். ஒன்றைத் தூக்கினேன், கை அப்படியே கீழே இறங்கிவிட்டது. ஐந்து கிலோ எவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாதா, மாதாமாதம் அரிசி தூக்குகிறவளுக்கு? இது அதைப் போல இரண்டு பங்கு. நான் தைத்தது வெள்ளை நூல், நெருக்கமான தையல். இதில் கறுப்பு நூல், கோணல் மாணலாக. பிரித்தேன். மணல் இல்லை. இரும்புத் தூள். லேத் பட்டறையில் தரையைக் கூட்டி அள்ளுவார்களே, அது.

மூன்றும் அப்படித்தான்.

அப்படியென்றால் மூன்று இல்லை, ஆறு. எட்டிலிருந்து ஆறுக்கு வந்தவள் அங்கேயே நிற்கிறாள். எத்தனை வாரமாக? ஐயோ, நான் எதற்கெல்லாம் நன்றி சொன்னேன்!

போய்க் கேட்டுவிடலாம் என்றுதான் எழுந்தேன். மகள் அவள் அறையில் ஏதோ வரைந்துகொண்டே முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்துவிட்டேன். கறுப்பு நூலைத் தேடி எடுத்தேன். இவர் தைத்த மாதிரியே கோணலாகத் தைத்து மூன்றையும் அதே இடத்தில் வைத்துவிட்டேன். இத்தனை வருடம் தைக்கிறேன், கோணலாகத் தைப்பது இவ்வளவு கஷ்டம் என்று இன்றுதான் தெரிந்தது.

யாருக்காக மூடினேன்? இவருக்காகவா? இல்லை. தவணை கிடைத்தால் இரண்டு மாதம் அவள் இங்கேயே இருப்பாள். அதுக்குத்தான். வேற எதுக்கு?

பிப்ரவரி 9, வெள்ளி

விளக்கேற்றினேன். நன்றியும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

"என்ன, இப்பல்லாம் சாமி கும்பிடற சத்தமே காணோம்? சண்டையா?" என்று இவர் கேட்டார்.

"மூட்டை உறை துவைக்கலாம்னு எடுத்தேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

இவர் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு போய்க் கப்பிக்கு எண்ணெய் விட ஆரம்பித்தார். நேற்றுத்தான் விட்டிருந்தார். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார். "ஆறுல நின்னுபோச்சு. இனிமே முடியாதுன்னு அவ வாயாலயே சொல்ல ஆரம்பிச்சா. நீயும் கேட்டேல்ல? ரெண்டு வாரம் இப்படி ஓட்டுவோம், மனசு தேறிட்டா கால் வந்து எட்டிப் பிடிச்சுடும்னு நெனச்சேன்."

"பிடிச்சுதா?"

"பிடிக்கும்."

"கிளினிக்குக்கு வர்ற நோயாளிக்கு இப்படிச் செய்வீங்களா?"

"அவ நோயாளி இல்ல." குரல் உயர்ந்தது. "என் பொண்ணு."

எண்ணெய் தரையில் சொட்டியிருந்தது. துடைத்தேன்.

பிப்ரவரி 15, வியாழன்

இவர் கிளினிக் போனதும் மகள் அறைக்குப் போனேன். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். பென்சிலைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "மூட்டை விஷயமா?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"கால் என்னோடதும்மா. இனிமே அஞ்சுதான்னு அப்பா சொன்ன அன்னைக்கே தெரியும். ஒரு மூட்டை குறைஞ்சுது, கால்ல பாரம் ஏறவே இல்ல."

"ஏன்டி சொல்லல?"

"அன்னைக்கு அப்பா விசிலடிச்சுக்கிட்டே குளிக்கப் போனார். ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் அதான் முதல் தடவை. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? நீ வேற மூட்டைக்கு மூட்டை நன்றி சொல்லிக்கிட்டிருந்த."

ஆக, வீட்டில் கடைசியாகத் தெரிந்துகொண்டது நான். மற்ற எல்லாவற்றிலும் நானே முதல் என்று நினைப்பு.

அங்கே உன்னைத் தூக்கி உட்காரவைக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "பாரு" என்றாள். ஒரு வழவழப்பான பலகையைக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் போட்டு, கைகளை ஊன்றி, நான் கை நீட்டுவதற்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் கடைக்குப் போகிற நேரத்தில் தினமும் பழகுகிறாளாம்.

"நடக்க வேண்டாம்னு நான் சொல்லலம்மா. நடந்தாத்தான் போகலாம்னா, அது எப்போ?"

எப்போ? ஆண்டவனே, இதற்கு நீயாவது பதில் வைத்திருக்கிறாயா?

நான் எழுந்து போகும்போது கூப்பிட்டாள். "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள மூணு மூட்டையிலயும் மணலே ரொப்பி வைக்கிறியா?"

பிப்ரவரி 17, சனி

ரொப்பினேன். வெள்ளை நூல்.

பிப்ரவரி 18, ஞாயிறு

தவணை கேட்டு எழுதும் கடிதத்தை இன்று எழுதிவிடலாம் என்றார் இவர். "அதுக்கு முன்னாடி ஒரு தடவை நடக்கிறேன்" என்றாள் மகள்.

பட்டையை நான் கட்டினேன். இவர் முதல் மூட்டையை எடுத்தார். கனக்கும் என்று நினைத்துத் தூக்கிய கை சட்டென்று மேலே எழும்பிவிட்டது. புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மூன்றையும் மாட்டினார். அப்புறம் நாலாவதைத் தேடிக் கை மூலைப்பக்கம் போனது.

"மூணு போதும்ப்பா. மாமாகிட்ட மூணுன்னுதானே சொன்னீங்க."

ஒரு அடி வைத்தாள். இரண்டாவது அடியில் முழங்கால் மடங்கிவிட்டது. விழாமல் இருக்க இவர் தனியாகப் போட்டிருந்த இரண்டாவது கயிறு பிடித்துக்கொண்டது. கொடியில் போட்ட துணி மாதிரி தொங்கினாள், என் குழந்தை. இவர் பாய்ந்து போய் இடுப்பைத் தாங்கினார்.

"பார்த்தீங்களாப்பா?"

"ம்."

"நான் முயற்சி பண்ணலன்னு இல்ல."

"தெரியும்டா."

"இனிமேலும் பண்ணுவேன். ஆனா அதுவரைக்கும் உட்கார்ந்து காத்திருக்க மாட்டேன்."

இவர் கொக்கிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். நாற்காலியை எடுக்க நான் எழுந்தேன். "நீ இரும்மா, அப்பா எடுப்பார்" என்றாள். பொல்லாதவள். கதவுக்குப் பின்னால் போனவர் திரும்பி வர வெகுநேரம் ஆனது. கொண்டுவந்து விரித்து, உட்காரவைத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

பதில் போய்விட்டது. சாப்பிடும்போது இவர் கேட்டது இரண்டே கேள்வி. "என்னன்னு எழுதின?" "வர்றேன்னு." "எப்படி வர்றேன்னு?" "வீல்சேர்லன்னு." மோர் வேண்டுமா என்று நான் கேட்டேன். இருவருமே வேண்டாம் என்றார்கள்.

மார்ச் 3, ஞாயிறு

மகளை அண்ணன் காரில் அழைத்துப் போனார். நானும் கூடப் போய் அறையைப் பார்த்து, துணிமணி அடுக்கி, இருட்டும் முன் திரும்பிவிட்டேன். கூட ஒரு பெண் தங்கியிருக்கிறாள், நல்ல மாதிரி.

இவர் காலையிலேயே கிளம்பிவிட்டார். அவசரமாக ஒரு நோயாளியாம். ஞாயிற்றுக்கிழமை கிளினிக் கிடையாது என்று அண்ணனுக்குக்கூடத் தெரியும். கார் தெருமுனை திரும்புகிற வரை அவள் ஜன்னல் வழியாகப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

என்ன மனுஷன் இவர்? ஊரார் கால் கையெல்லாம் பிடிச்சுவிடத் தெரியுது, பெத்த பொண்ணுக்கு ஒரு கையசைக்கத் தெரியலையா? வந்ததும் நாலு வார்த்தை கேட்கணும்னு இருந்தேன். வந்து பார்த்தால், தண்டவாளத்தின் கீழே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். காபி போட்டுப் பக்கத்தில் வைத்தேன்.

மார்ச் 9, சனி

எழுந்து நடக்கவை, எழுந்து நடக்கவை என்று கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். இன்று அதை விட்டுவிட்டு வேறு எதைக் கேட்பது என்று தெரியாமல் விளக்கின் முன் நின்றேன். கடைசியில், அவள் ஆபீஸ் லிஃப்ட் பழுதாகாமல் இருக்கட்டும் என்று கேட்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

அவள் போன் பண்ணினாள். இவரிடம் நீட்டினேன். கை ஈரம் என்றார். காய்ந்துதான் இருந்தது.

கிளினிக் முடிந்து வந்தால் நேராகக் கட்டில்தான். ஒரு திருகாணியைக்கூட இவர் தொட்டு நாளாகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

காலையில் அவளிடம் பேசினேன். வேலை பிடித்திருக்கிறதாம், ஆனால் சாயங்காலமானால் தோள்பட்டை வலிக்கிறதாம். மேஜைக்குக் கீழே முழங்கால் இடிப்பதால் தள்ளி உட்கார்ந்து எட்டி எட்டி வரைகிறாளாம். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த இவர் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே திருப்பிச் சொன்னேன். பக்கம் புரட்டினார். அவ்வளவுதான் என்று நினைத்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அடுக்களை வாசற்படியில் வந்து நின்றார். "அந்த மேஜை மரமா, இரும்பா?"

"நீங்களே கேளுங்களேன்."

"நீ எழுது."

போனில் அனுப்புமுன் இங்கே எழுதிப் பார்த்துக்கொள்கிறேன், ஒன்றும் விட்டுப்போகக் கூடாது:

கண்ணு, மேஜை மரமா, இரும்பா? மேல்பலகையின் அடியிலிருந்து தரை வரை எவ்வளவு உயரம்? நடுவில் இருக்கும் இழுப்பறையைக் கழற்ற விடுவார்களா? உன் முழங்கால் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வருகிறது? நாற்காலியில் உட்கார்ந்துதான் அளக்க வேண்டுமாம், இதை இரண்டு தடவை சொன்னார். அப்பா கேட்கச் சொன்னார் என்று சொல்லக் கூடாதாம், சொல்லிவிட்டேன். டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். சீக்கிரம் பதில் போடு.